ஒரே பாடம், மூன்று பணிகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். சிலர் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்கிறார்கள். சிலருக்குக் கழித்தலே வரவில்லை. நான் யாருக்குப் பாடம் நடத்துவது?"

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம் (2009). 35 பேரே இருந்தாலும் எல்லாரும் ஒரே படியில் நிற்பதில்லை. நடுவில் உள்ளவர்களுக்காக மட்டும் நடத்தினால் இரு முனையில் உள்ளவர்களும் விடுபடுவார்கள். கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதும் பிள்ளையைக் கவனியுங்கள். நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும்; தானாக ஒரு கணக்கும் போட வராது. அமைதியாக இருப்பதால் நம் கண்ணிலும் படாது.

எனவே முதல் வாரத்தில் அரைத்தாளில் ஐந்து அடிப்படைக் கணக்குகள் கொடுங்கள். மதிப்பெண் வேண்டாம்; விடைகளைப் படியுங்கள். 52–27க்கு 35 என எழுதிய பிள்ளை, கடன் வாங்காமல் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. 24 என எழுதிய பிள்ளைக்கு முறை தெரிந்திருக்கலாம், எண்ணும்போது தவறியிருக்கலாம். இரண்டும் தவறுதான். ஆனால் தேவைப்படும் உதவி வேறு.

அடுத்தது பாடவேளையைப் பிரிப்பது. 6ஆம் வகுப்புப் பின்னக் கூட்டலை நான் இப்படி நடத்துகிறேன். முதல் 10 நிமிடம் எல்லாருக்கும் பொது: தாளை மடித்து அரை, கால், மூன்றில் ஒன்று காட்டுதல். அடுத்த 20 நிமிடம் மூன்று பணிகள். முதல் குழு 1/4 + 2/4 என்பதைத் தாள் மடித்துக் கண்டுபிடிக்கும். இரண்டாம் குழு 1/2 + 1/3 போன்ற கணக்குகளைச் செய்யும். மூன்றாம் குழுவுக்கு ஒரு கேள்வி: "1/2 + 1/3 = 2/5 என்கிறான் ஒருவன். கூட்டிப் பார்க்காமலே இது தவறு என்று எப்படிச் சொல்வாய்?" 2/5 அரையைவிடக் குறைவு என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கும் நேரம் பிடிக்கும். அந்த 20 நிமிடமும் நான் முதல் குழுவோடு அமர்கிறேன். கடைசி 10 நிமிடத்தில் குழுவுக்கு ஒருவர் எழுந்து விளக்குவார்.

வகுப்பில் சற்றுச் சத்தம் இருக்கும். அது வேலை நடக்கும் சத்தம். நோட்டுகளை நாளுக்குப் பத்தாகத் திருத்தினால், வாரத்தில் ஐம்பதும் முடிந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை கற்றல் நிலைகள். பிள்ளைகளின் பெயர்கள் அல்ல. இங்கும் அப்படித்தான். பின்னத்தில் திணறும் மாணவி, அளவுகோலும் கவராயமும் எடுத்தால் வகுப்பில் முதலாவதாக நிற்கக்கூடும். அதனால் பாடத்துக்குப் பாடம் குழுக்களை மாற்றுங்கள். "மெதுவாகக் கற்பவர்" என்ற பெயர் ஒரு பிள்ளைமேல் ஒட்டிக்கொண்டால், பிறகு அதை அழிப்பது கடினம்.

எல்லாப் பாடவேளையையும் உடனே மாற்ற வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்றில் தொடங்குங்கள்.