ஓட்டையை அடைத்த பிறகு

தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஒரு குழந்தை மட்டும் பாதியில் நின்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்கிறது. உதடும் நகமும் நாவற்பழம் தின்றதுபோல நீலம் பாரித்திருக்கின்றன. சற்று நேரத்தில் மூச்சு சீரானதும் எழுந்து மறுபடி ஓடுகிறது. பார்க்கிறவர்கள் "சவலைப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில், யாரும் சொல்லித்தராமலே அது தனக்குத்தானே முதலுதவி செய்துகொள்கிறது. குத்துக்காலிடும்போது கால்களின் ரத்தக்குழாய்கள் மடங்கி அழுந்துகின்றன. உடம்புக்குள் போகும் வழி நெருக்கடியாகிவிடுவதால், நுரையீரல் பக்கம் கூடுதல் ரத்தம் திரும்புகிறது. நீலம் குறைகிறது.

இந்தக் குறைபாட்டுக்கு 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்று பெயர். 1888இல் பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் ஃபாலோ இதை விரிவாக எழுதினார். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் அடைப்பு, இடம் விலகிய மகாதமனி, தடித்துப்போன வலது கீழறை என நான்கு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்தது இது. பிறவி இதயக் குறைபாடுகளில் இதுவும் ஒரு வகை. பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதோ ஒரு வகைக் குறைபாடு இருக்கிறது. எல்லாம் ஆபத்தானவை அல்ல. சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் பெரும்பாலும் தாயின் மடியிலேயே தெரிந்துவிடும். பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வியர்க்கும். இரண்டு வாய் குடித்துவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி குடிக்கும். எடை ஏறாது. சளி அடிக்கடி நெஞ்சைப் பிடிக்கும். இப்படி இருந்தால் ஒரு எக்கோ பரிசோதனை போதும், விஷயம் தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் தெரிந்தும் பயனில்லை. நீலக் குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்து ஆளானதில்லை. 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அந்த நிலை மாறத் தொடங்கியது. செவித்திறன் குன்றியதால் குழந்தைகளின் நெஞ்சில் கைவைத்தே இதயத்தை அறிந்தவர் ஹெலன் டாசிக். நுரையீரலுக்கு மாற்றுப்பாதை போடலாமே என்ற யோசனை அவருடையது. கத்தியைப் பிடித்தவர் ஆல்ஃபிரட் பிளேலாக். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் பெறாத கறுப்பினத்தவர். ஆய்வகத்தில் நாய்களிடம் இந்தத் தையலைப் பழகித் தேர்ந்தவர். மேசையில் கிடந்த எய்லீனுக்கு 15 மாதம்தான். அவள் சில மாதங்களே வாழ்ந்தாள். ஆனால் அடுத்தடுத்து வந்த குழந்தைகள் பிழைத்தார்கள். 1954இல் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை இதயத்தையே திறந்து, ஓட்டையை அடைத்து, அடைப்பையும் நீக்கிக் காட்டினார்.

1986இல் இதே குறைபாட்டுடன் பிறந்தவர் ஷான் வைட். ஒரு வயது நிரம்பும் முன்பே அவருக்கு இரண்டு இதய அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. பனிச்சறுக்குப் பலகையில் 2006, 2010, 2018 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றார் அவர்.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு புதிய சிக்கல் வளர்ந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் "ஓட்டையை அடைச்சாச்சு, இனி கவலையில்லை" என்று குடும்பம் நிம்மதியாகிவிடுகிறது. ஃபாலோ குறைபாட்டில் அடைப்பை அகலமாக்கும்போது, நுரையீரல் வால்வு பலருக்கு முழுதாக மூடாமல் போய்விடும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் திரும்பி வரும். வலது கீழறை ஆண்டுக்கணக்கில் அதைத் தாங்கும். மெல்ல மெல்ல விரியும். படபடப்பும் களைப்பும் தெரிவதற்கு 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். முறையாக எக்கோவும் எம்ஆர்ஐயும் எடுத்துவந்தால், சரியான நேரத்தில் வால்வை மாற்றிவிடலாம். நெஞ்சைத் திறக்காமலே, ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தும் முறை 2000இலேயே பாரிஸில் வந்துவிட்டது.

பல் ஈறும் இதில் சேர்த்தி. செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு, ஈறில் புகும் கிருமி ரத்தம் வழியே போய் வால்வில் குடியேறலாம். பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் இதயக் கதையைச் சொன்னால், அவர் முன்கூட்டியே மாத்திரை தருவார்.

பெண்பிள்ளை என்றால் இன்னொரு பாரம். வரன் பார்க்கும்போது நெஞ்சுத் தழும்பை மறைத்துவிடுகிற வீடுகள் உண்டு. மறைத்துத் திருமணம் செய்தபின், கருவுற்றதும் டாக்டரிடம் எதைச் சொல்வாள்? கர்ப்பத்தில் இதயத்தின் வேலைப்பளு பாதி அளவுவரை ஏறிவிடலாம். முன்னதாகவே இதய மருத்துவரைப் பார்த்துத் திட்டமிட்டால், ஃபாலோ சரிசெய்யப்பட்ட பெண்களில் பலர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். குழந்தைக்கும் குறைபாடு வரும் வாய்ப்பு 100க்கு சுமார் 3 முதல் 5. கருவின் ஐந்தாம் மாத எக்கோவில் அதையும் பார்த்துவிடலாம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்குக் கைகொடுக்கிறது. பள்ளிப் பரிசோதனை 18 வயதோடு நிற்கிறது. கல்லூரி, வேலை, வெளியூர் என்று பிள்ளை கிளம்பும் வயதும் அதுதான். தொடர்பு அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி மடிந்து கிடக்கும். எந்தக் குறைபாடு, எந்தத் தேதியில் ஆபரேஷன், எங்கே ஒட்டு வைத்தார்கள், வால்வை என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அந்த நாலு பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் தெரிந்த அந்தக் கதையைப் பிள்ளையை உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்து, தாள்களைச் செல்போனில் படமெடுக்கவைத்து, அடுத்த எக்கோ தேதியை அவன் கையாலேயே காலண்டரில் குறிக்கவைக்கலாம்.