ஓட்டத்தில் லாரி அடிக்கடி நின்றால்...

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைகளுக்கு நாம் சரக்கு அனுப்பும் பழைய டீசல் வண்டி ஓட்டத்தில் திடீரென நின்று, சற்று நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகிறதா? உடனே "பம்ப் போச்சு" என்று கழற்ற வேண்டாம். 1986-இல் வந்த டாடா 407 போன்ற பழைய வண்டிகளில், பம்புக்கு வரும் டீசல் வழியில் தடைபடுவதே பெரும்பாலும் காரணமாகும்.

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறக்கவும். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளது. அடுத்து, பில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவும். டீசலில் நுரை ஓயாமல் வந்தால், டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையே ஹோஸோ வாஷரோ காற்று இழுக்கிறது. நுரையின்றிச் சொற்பமாக வந்தால், பில்டர், பீட் பம்ப் சல்லடை, டேங்க் அடிக்கசடு ஆகியவற்றைப் பார்க்கவும். தண்ணீர் கலந்திருந்தால் வடித்துவிடவும். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பம்பைக் கழற்றுவோம்.

சரக்கு தாமதமாவது மட்டுமல்ல நஷ்டம். என்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் வருவதும் நிற்கும்; ஓரிரு மிதிக்குப் பின் பெடல் இறுகிவிடும். எனவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியில் அழுத்திப் பிடித்து ஓரங்கட்டுமாறு ஓட்டுநரிடம் இன்றே சொல்லி வைப்போம்.