குடிநீரில் புளோரைடு: நல்கொண்டா முறை

குடிநீர் தெளிவாக இருப்பதனாலேயே அது தூயதாகிவிடாது. கண்ணுக்குத் தெரியாமலும், நாவிற்குப் புலப்படாமலும் நீரில் கரைந்திருக்கும் புளோரைடு, பல ஆண்டுகள் தொடர்ந்து அருந்துவோரின் உடலை முடமாக்கிவிடக் கூடியது. குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. முதியோரின் மூட்டுகளும் முதுகெலும்பும் விறைத்துப் போகின்றன. எலும்பைத் தாக்கிய இந்நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. எனவே, தடுப்பு ஒன்றே வழியாகும்.

இந்தியாவில் இந்நோய் 1937ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கருங்கற் பாறைகளில் அடங்கியுள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. சுண்ணச்சத்து குறைந்த நீரில் அதன் அளவு மிகுகின்றது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை. நீர் ஆவியாகி, எஞ்சிய நீரில் புளோரைடின் செறிவு கூடவே செய்யும்.

நாகபுரியில் 1958ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, 1974 முதல் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் என வழங்கும் நிறுவனம், 1970களில் இதற்கு எளிய தீர்வொன்றை உருவாக்கியது. இன்று தெலுங்கானாவிலுள்ள நல்கொண்டா மாவட்டத்தின் பெயரால் அது அழைக்கப்படுகிறது.

இம்முறையில் நீருடன் சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், படிகாரம் ஆகிய மூன்றும் சேர்க்கப்படுகின்றன. படிகாரமும் சுண்ணாம்பும் வினைபுரிந்து பஞ்சு போன்ற அலுமினியம் ஹைடிராக்சைடு திரட்டுகளாகின்றன. புளோரைடு இத்திரட்டுகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. பிளீச்சிங் பவுடர் கிருமிகளை அழிக்கிறது. வீட்டளவில் ஒரு வாளியே போதும்: பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, அடிவண்டல் கலவாமல் மேல்நீரை எடுத்துக்கொள்ளலாம். மின்சாரமோ, விலையுயர்ந்த இயந்திரமோ தேவையில்லை.

எனினும் குறைபாடுகளும் உள்ளன. படிகாரத்தின் அளவு நீரின் புளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்து, கிணற்றுக்குக் கிணறு மாறுபடும். அளவு தவறினால் புளோரைடு நீங்காது. அல்லது அலுமினியம் நீரில் எஞ்சும். புளோரைடு மிகுந்த வண்டலைப் பாதுகாப்பாக அகற்றவும் வேண்டும். கிளர்வூட்டிய அலுமினாவைக் கொண்டு வடிகட்டும் முறையில் அன்றாடம் மருந்து கலக்கும் வேலை இல்லை. ஆனால் அதனைக் குறித்த காலத்தில் எரிசோடாவாலும் அமிலத்தாலும் புதுப்பித்தாக வேண்டும்.

இங்குதான் பொருளாதாரப் பிரச்சினை எழுகிறது. நல்கொண்டா முறைக்கு மூலதனச் செலவு குறைவு. தொடர்செலவோ நாள்தோறும் உண்டு. கருவியை அமைக்க ஒருமுறை நிதி ஒதுக்குவது எளிது. படிகாரம் தடையின்றிக் கிடைப்பதற்கும், நீரைச் சோதிப்பவருக்கு ஊதியம் தருவதற்கும் ஆண்டுதோறும் ஒதுக்கீடு தேவை. அது நின்றுபோனால் மக்கள் பழைய கிணற்றுக்கே திரும்புவர்.

பாதுகாப்பான மேற்பரப்பு நீரைக் குழாய் வழியே கொண்டுவருவது நிலையான தீர்வாகும். 2016இல் தெலுங்கானா அரசு தொடங்கிய பகீரதா திட்டம் நல்கொண்டா பகுதிக்கு கிருஷ்ணா நதிநீரைக் கொண்டு சென்றது. ஆற்றுநீர் எட்டாத ஊர்களிலோ, நீக்கும் முறையே துணையாகும். அங்கு ஆய்வுக்கூடத்தின் வெற்றி, கிராமத்து வாளியில் நாள்தோறும் சரியான அளவு படிகாரம் விழுவதைப் பொறுத்தே அமையும்.