சிக்காகோவின் மாடிகளும் டன்சினன் தோட்டத்தின் ஏழு பேர்ச்சஸும்

1885இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பத்து மாடிகளுடன் எழுந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடமே உலகின் முதல் வானளாவி என்று பலராலும் சொல்லப்படுகிறது. அதுவரை கட்டடத்தின் பாரத்தைச் சுவர்களே சுமந்தன. அதே நகரில் 1891இல் செங்கல் சுவர்களால் 16 மாடி கட்டியபோது அடிச்சுவர் ஆறு அடி தடிப்பாக இருக்க வேண்டியிருந்தது. உலோகச் சட்டகம் அந்தப் பாரத்தைத் தாங்கத் தொடங்கியதும் சுவர் மெலிந்தது, மாடிகள் உயர்ந்தன.

தொழில்நுட்பம் மட்டும் இதற்குக் காரணமல்ல. நகர மையத்தில் காணி விலை ஏறியது. ஒரே துண்டுக் காணியில் அதிக வாடகை பெற உரிமையாளர்கள் மேல்நோக்கிக் கட்டினார்கள்.

அதே காலத்தில் நமது மலையகத்தில் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. பூண்டுலோயாவைச் சூழ்ந்த மலைகளில் காணிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தொழிலாளர் குடும்பத்துக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறையும் சிறு திண்ணையும்தான். முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் பின்சுவர் பொதுவானது, அதில் ஜன்னல் வைக்க முடியாது. அறை தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், ஒரு குசினியை இழுத்துக் கட்டவும் துரையின் அனுமதி தேவைப்பட்டது.

லயம் எங்கே அமைவது என்பதையும் அங்கு வாழ்ந்தவர்கள் தீர்மானிக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களை மூடியது.

2018 ஓகஸ்டில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 தனிவீடுகள் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் காணி, சுமார் 550 சதுர அடி, இரண்டு படுக்கையறை, குசினி, மலசலகூடம். போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 46,000 வீடுகள் வழங்கிய அதே திட்டத்தின் மலையகப் பகுதி இது.

மீள்குடியேறியவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும்: காணி உறுதி கையில் இல்லாவிட்டால் கல்வீடும் தற்காலிகக் கொட்டில்தான். வங்கிக் கடனுக்கும் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதற்கும் அந்தக் கடதாசியே வேண்டும்.

‘காணி போதாது, மலையகத்துக்கும் மாடிக் குடியிருப்பே பொருத்தம்’ என்று யாரும் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேட்போம். தரிசாகக் கிடக்கும் தோட்டக் காணி எவ்வளவு? அந்தச் சரிவு பாதுகாப்பானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உறுதிப்படுத்தியதா? உறுதி யாருடைய பெயரில், மனைவியின் பெயரும் அதில் உண்டா?

பதில் எழுத்தில் கிடைத்த பிறகு மாடிகளின் எண்ணிக்கையைப் பேசலாம்.