பனிமலைப் பட்டாளம் – 7: ஓடினால் தண்டனை

வெலிங்டனில் ரெக்ரூட்டாக இருந்தபோது ஓடாததற்காகத் தண்டனை வாங்கியிருக்கிறேன். ஓடியதற்காக வாங்கியது லேயில்தான்.

2009-ல் எங்கள் பல்டனுக்கு கிளேசியர் முறை வந்தது. சியாச்சின் என்று செய்தித்தாளில்தான் போடுவார்கள். எங்களுக்கு அது வெறும் கிளேசியர். சண்டிகரில் ஐ.எல்-76 விமானத்தில் மூட்டை முடிச்சோடு ஏற்றி, ஒரு மணி நேரத்தில் 11,500 அடி உயரத்தில் இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் வந்த முதல் உத்தரவு: இரண்டு நாளைக்கு யாரும் எதுவும் செய்யக் கூடாது. காது அடைத்திருந்ததால் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று பக்கத்தில் இருந்த நாயக்கைப் பார்த்தேன். பாலக்காட்டுக்காரர். "படுத்துக்கோடா, இதாணு டிரெயினிங்" என்றார்.

முதல் கட்டம் ஆறு நாள். இரண்டு நாள் படுக்கை, இரண்டு நாள் சமதரையில் மெதுநடை, கடைசி இரண்டு நாள் சின்ன ஏற்றம். அப்புறம் இன்னும் மேலே போய் நாலு நாள், அதற்கும் மேலே நாலு நாள். காற்றில் பிராணவாயு குறைச்சல். உடம்பு பழகுவதற்குள் ஆட்டம் போட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மருத்துவர் இதைச் சொன்னபோது, 'நமக்கா? நாம சாத்தூர் வெயிலையே தாங்கினவனாச்சே' என்று நினைத்துக்கொண்டேன். வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம், "உனக்கு வீட்டிலிருந்து போன்" என்றார்கள். ஓடினேன். நாற்பது அடி இருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நெஞ்சுக்குள் உறுமிமேளம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே சுபேதார் சாப்.

பட்டாளத்துத் தண்டனை என்றால் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவது, குட்டிக்கரணம் போட வைப்பது. இங்கே எதற்கும் வழியில்லை. சாப் ரொம்ப நேரம் யோசித்தார். "போய்ப் படு. நாளைக்கும் எழுந்திருக்காதே" என்றார். மறுநாள் எல்லாரும் நடக்கப் போனபோது நான் மட்டும் கம்பளிக்குள். போகிறவன் வருகிறவன் எல்லாம் "என்னப்பா, பிள்ளை பெத்தவ மாதிரி படுத்திருக்கே?" என்று விசாரித்துவிட்டுப் போனான். குட்டிக்கரணமே தேவலை.

லேயிலிருந்து கர்துங் லா கணவாய் வழியாகப் பயணம். உயரம் பதினேழாயிரம் அடிக்கு மேல். அம்மா கொடுத்தனுப்பிய காராச்சேவு என் பையில் இருந்தது. ஏற ஏற அந்த பாலிதீன் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியது. வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைபட்ட ஊர்க்காற்று புடைத்துக்கொண்டு நின்றது. "எடுத்து வெளியே வைடா" என்று யாரோ சொல்லி வாய் மூடவில்லை, 'பட்'டென்று வெடித்தது. லாரியில் இருந்த அத்தனை பேரும் குனிந்துவிட்டோம். பயிற்சி அப்படி. நிமிர்ந்தபோது எட்டுப் பேர் மடியிலும் சேவு.

பேஸ் கேம்ப்பில்தான் உண்மையான பயிற்சி. அதுவரை ஐஸ் வைத்துத்தான் எனக்குப் பழக்கம். ஐஸில் ஏறிப் பழக்கமில்லை. பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்று ஒரு இரும்புப் பல்வரிசை மாட்டுவார்கள். அதை மாட்டிக்கொண்டு ஊரில் நடக்கிற மாதிரி நடந்தேன். வலது கால் பல், இடது கால் துணியைக் கவ்வ, தடாலென்று விழுந்தேன். "ஹாத்தி கீ தரஹ்!" என்று கத்தினார் உஸ்தாத். யானை மாதிரி காலை அகட்டி நடக்கணுமாம். அவர் கட்வால்காரர், பனியில் பிறந்தவர்.

2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்ததிலிருந்து அங்கே துப்பாக்கிகள் அடங்கிவிட்டன. ஆளைத் தின்பது குளிரும் பனிச்சரிவும் கிரவாஸும்தான். பனிப்பாளத்தில் வாய் பிளந்த வெடிப்புக்குப் பெயர் கிரவாஸ். அதனால்தான் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக்கொண்டு நடப்பது; ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் ஐஸ் கோடாலியைக் குத்திக்கொண்டு குப்புற விழுந்து தாங்கவேண்டும். ஒத்திகைக்கு ஒரு ஆள் விழவேண்டுமே. இருப்பதிலேயே கனமான ஆளைத் தேடினார்கள். என்னை இறக்கினார்கள்.

உள்ளே போனதும் பேச்சு வரவில்லை. சுவர் முழுக்க நீலம். வேட்டி அலசுகிற வாளியில் சொட்டு நீலம் விட்டுக் கலக்குவதற்கு முன்னால் இழை இழையாக இறங்குமே, அந்த நீலம். நான் மயங்கிக் கிடக்கிறவன் என்பது ஏற்பாடு. மேலிருந்து உஸ்தாத் குரல் கொடுத்தார்: "ஹோஷ் மே ஹை க்யா?" நினைவு இருக்கிறதா என்று கேள்வி. விறைப்பாகப் பதில் சொன்னேன்: "நஹீ, உஸ்தாத்!"

மேலே சிரித்த சிரிப்பில் கயிறு ஆடியது. உஸ்தாத் சிரிக்கவில்லை. மயக்கம் தெளியட்டும் என்று இன்னும் பத்து நிமிஷம் தொங்கவிட்டார்.

அன்று சாயங்காலம் ஓ.பி. பாபா கோயிலுக்குப் போனோம். ஓம் பிரகாஷ் என்ற சிப்பாய், தனி ஆளாக ஒரு போஸ்ட்டைக் காத்தவர் என்று சொல்கிறார்கள். கிளேசியருக்கு ஏறும்போதும் இறங்கும்போதும், அதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பது போல அவருக்கும் கொடுக்கவேண்டும். லாரியில் பொறுக்கிச் சேர்த்த சேவில் மீதி இருந்ததை வைத்துக் கும்பிட்டேன். பிரசாதம் என்று உஸ்தாத் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சாத்தூர்க் காரம். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, கையை ஆட்டித் தண்ணீர் கேட்டார்.

"ஹோஷ் மே ஹை க்யா, உஸ்தாத்?" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. மறுநாள் என் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கப் போகிறவர் அவர்தான்.

(தொடரும்)