தாத்தா என்றால் யார்?
கணினி எமது தமிழைக் கற்கும் விதம்

எங்கள் பக்கத்தில் 'தாத்தா' என்றால் மூத்த சகோதரி. பாட்டனாரை 'அப்பா' என்போம். தந்தையோ 'வாப்பா'. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை தன் தந்தையைத் 'தாத்தா' என்று அழைக்கும். இதில் எங்கள் யாருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. குழப்பம் வந்தது இயந்திரத்துக்கு.

தாத்தாவுக்குக் குழந்தை பிறந்த அன்று உம்மா உறவினருக்கு அனுப்பிய செய்தி இது: "தாத்தாவுக்குப் பொம்புளப் புள்ள கெடச்சிருக்கு." விளையாட்டாக அதை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டுப் பார்த்தேன். பாட்டனாருக்கு ஒரு பெண் கிடைத்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் விடை வந்தது! அப்பா உட்பட வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகுதான் யோசித்தேன். இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது?

தகவல் தொழினுட்பம் என்றதும் கணினி திருத்துவதும் இணையத்தளம் அமைப்பதுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்று அத்துறையில் மும்முரமாக ஆய்வு நடக்கும் இடங்களில் ஒன்று மொழி. மனிதர் பேசுவதையும் எழுதுவதையும் இயந்திரம் எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே அங்குள்ள கேள்வி.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆகவே உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும் யுனிகோட் என்ற பொது ஏற்பாடு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 247 எழுத்துக்கள் எப்படி 128க்குள் அடங்கும் என்று கேட்கலாம். அகர வரிசை தவிர்ந்த உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை. 'மா' என்பது 'ம'வும் அரவும் சேர்ந்தது. இதன்படி 'உம்மா' என்ற சொல் கணினிக்கு உ, ம, புள்ளி, ம, அரவு என ஐந்து குறிகள். பரவலாகப் பயன்படும் சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். ஆகவே உம்மாவுக்கு 15 பைட். அதே பொருளுடைய ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு ஆறே பைட் போதும்.

இடம் பெரிய விடயமல்ல, சேமிப்பகம் இப்போது மலிவு. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வாக்கியத்தைச் சொற்களாக அல்ல, தாம் அடிக்கடி கண்ட துண்டுகளாக உடைத்தே வாசிக்கின்றன. அவை கற்ற பாடங்களில் ஆங்கிலமே மிகுதி. அதனால் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்கிறது, தமிழ்ச் சொல்லோ பல துண்டுகளாகச் சிதறுகிறது. போதாக்குறைக்கு எமது மொழி ஒட்டிக்கொண்டே போகும் இயல்புடையது. 'படிக்காதவர்களுக்கும்' என்ற ஒரு சொல்லில் வினையும் எதிர்மறையும் பன்மையும் வேற்றுமையும் உம்மையும் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அது நான்கைந்து சொற்கள். துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் அறவிடும் சேவைகளில், அதே கேள்வியைத் தமிழில் கேட்பவர் கூடுதலாகச் செலுத்த வேண்டிவருகிறது.

இனித் தாத்தாவுக்கு வருவோம். ஒரு சொல்லின் பொருளை அதனோடு கூடிவரும் சொற்களைக் கொண்டு அறியலாம் என்று ஃபேர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1957இலேயே எழுதினார். அகராதியை அல்ல, அயலைப் பார் என்பதே அதன் சாரம். 2013இல் கூகிள் ஆய்வாளர்கள் இந்த எண்ணத்தைப் பெரிய அளவில் கணினிக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு சொல்லுக்கும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசை. ஒரே மாதிரியான அயலில் வரும் சொற்களின் எண்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். 2017இல் வந்த 'டிரான்ஸ்ஃபோமர்' என்ற அமைப்பு வாக்கியத்தின் எல்லாச் சொற்களையும் ஒருசேர நோக்கி, எது எதனோடு எவ்வளவு தொடர்புடையது என்று எடைபோடுகிறது. 'புள்ள கெடச்சிருக்கு' என்பதைக் கண்டதும், இங்கே தாத்தா பெண்ணாக இருக்கலாம் என்று ஊகிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் 'தாத்தா' அப்படி வழங்குவதை அது முன்பு போதியளவு கண்டிருக்க வேண்டும். இணையத்திலுள்ள தமிழ் பெரும்பாலும் எங்கள் வீட்டுத் தமிழ் அல்ல. நானாவையும் ஆணத்தையும் மௌத்தையும் அது எங்கே கண்டிருக்கும்?

பாட்டனாருக்குப் பெண் கிடைத்ததோடு இது முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2018ஆம் ஆண்டை எமது பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குள் மாக்கட்டி ஒன்று கிடந்தது. கேள்வி சிங்களத்தில் கேட்கப்பட்டது. கேட்கப்பட்டவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. விளங்காமலே ஆமென்று தலையாட்டினார். மலட்டு மாத்திரை கலந்ததை அவர் ஒப்புக்கொண்டதாக அந்தக் காணொளி முகநூலில் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மா என்பதைப் பின்னர் அரச பகுப்பாய்வாளர் உறுதிசெய்தார். மார்ச்சில் திகனையிலும் கண்டியின் ஏனைய பகுதிகளிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்நாட்களில் சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளை இனங்காணப் போதிய ஆட்களும் முகநூல் நிறுவனத்திடம் இருக்கவில்லை, போதிய கருவியும் இருக்கவில்லை. அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கியது. 2020 மே மாதத்தில் நிறுவனம் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

முதலில் ஒரு மனிதருக்கு மொழி விளங்கவில்லை, பிறகு ஓர் இயந்திரத்துக்கு விளங்கவில்லை. கலவரத்துக்கு இவை மட்டுமே காரணம் என்று சொல்வது பிழை, மூட்டியவர்கள் மனிதர்களே. ஆனாலும் 'குறைந்த வளமுள்ள மொழிகள்' என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கும் துறை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இத்துறையில் இன்று வேலைகள் நடக்கின்றன. 2022இல் சிங்களத்துக்காக 10,000 டுவிட்டர் பதிவுகளைக் கொண்ட ஒரு தரவுத்தொகுப்பு வெளியானது. பதிவு புண்படுத்துவதா இல்லையா என்பதோடு, எந்தச் சொல் அதை அப்படி ஆக்குகிறது என்பதையும் மனிதர்கள் வாசித்துக் குறித்திருக்கிறார்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்குமிடையே மொழிபெயர்க்கும் முறைமை பற்றி ஆய்வு நடந்திருக்கிறது. நாம் வட்ஸ்அப்பில் எழுதுவதுபோல ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழையும், இரு மொழி கலந்த வாக்கியங்களையும் படிக்கக் கற்பிப்பது இன்னொரு கிளை. செய்தியைத் தொலைபேசியை விட்டு வெளியே அனுப்பாமல், அங்கேயே கற்று, கற்றதன் சாரத்தை மட்டும் பகிரும் முறைகளும் ஆராயப்படுகின்றன. பிள்ளைகளின் தொலைபேசியைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் கவனிக்க வேண்டிய கிளை அது.

உயர்தரத்தில் கலைப் பிரிவு எடுத்துவிட்டேன், இனி இது எனக்கில்லை என்று சில தோழியர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த 10,000 பதிவுகளையும் குறித்தது கணிதமல்ல, மொழி தெரிந்த மனிதர்கள். எமது மூதாதையர் அரபு எழுத்தில் தமிழை எழுதிவைத்த அரபுத்தமிழ் ஏடுகளை நாளை ஒரு கணினி வாசிக்க வேண்டுமானால், அவ்வெழுத்தையும் தமிழையும் ஒருங்கே அறிந்த ஒருவர் முதலில் உட்கார்ந்து வாசித்துக் கொடுக்க வேண்டும். குர்ஆன் மத்ரஸாவிலும் தமிழ்ப் பாடத்திலும் நாம் பெற்ற இரண்டும் அங்கே ஒன்றாய்ப் பயன்படும்.

பல்கலைக்கழகம் செல்லும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மொசில்லா அமைப்பு 2017இல் தொடங்கிய 'கொமன் வொய்ஸ்' என்ற திட்டத்தில் தமிழும் இருக்கிறது. திரையில் தோன்றும் வாக்கியத்தை வாசித்துக் குரலை நன்கொடையாக வழங்கலாம். வயது குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் அவசியம். அந்தக் குரல் எவரும் பெறக்கூடிய பொதுச் சொத்தாகிவிடும் என்பதையும் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். பிள்ளையின் குரல் அப்படிப் போவதை விரும்பாத வீடுகளில் இன்னொரு வழி உண்டு. வாசிப்பதற்கான வாக்கியங்களையும் அங்கே நாமே எழுதிக் கொடுக்கலாம். 'தாத்தா வந்தா' என்று எழுதி நிறுத்தாமல், 'தாத்தாவும் மச்சானும் புள்ளயத் தூக்கிட்டு வந்தாங்க' என்று எழுதினால், அயலைப் பார்த்துப் படிக்கும் இயந்திரத்துக்கு நல்ல தடயம் கிடைக்கும்.