பாபரி மஸ்ஜித் இடிக்கப்படுமுன் எடுக்கப்பட்ட படம்

பாபரி மஸ்ஜித் 1992 டிசம்பர் 6ஆம் திகதி இடிக்கப்பட்டது. அந்த ஆபத்து நெருங்கி வருவதை அதற்கு முன்பே படமாக்கி மக்கள் முன் வைத்தவர், மும்பையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குனர் ஆனந்த் பட்வர்தன். அவர் முஸ்லிம் அல்லர் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

'ராம் கே நாம்' என்ற அந்தப் படம் 1990இல் அத்வானி நடத்திய ரத யாத்திரையைப் பின்தொடர்கிறது. கமராவைத் தானே தோளில் சுமந்து செல்லும் பட்வர்தன், யாத்திரையில் வந்த இளைஞர்களிடம் ராமர் எந்த ஆண்டில் பிறந்தார் என்று சாதாரணமாகக் கேட்கிறார். பதில் வரவில்லை. படத்தில் மறக்க முடியாதவர் பூசாரி லால்தாஸ். சர்ச்சைக்குரிய அந்த இடத்தில் பூசை செய்ய நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டிருந்த அவரே, இது பக்தியல்ல, வாக்குக்கும் பணத்துக்குமான அரசியல் என்று கமராவின் முன் சொல்கிறார். 1993இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்திய அரசு இப்படத்துக்குத் தேசிய விருது வழங்கியது. ஆனால் அதே அரசின் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது! நீதிமன்றம் சென்று போராடிய பிறகுதான் அது ஒளிபரப்பானது. அதற்குள் பள்ளிவாசலும் இல்லை, லால்தாஸும் இல்லை.

பட்வர்தனின் வாழ்க்கையே இப்படித்தான். மும்பையின் குடிசைவாசிகள் வெளியேற்றப்படுவதைப் பற்றி 1985இல் படமெடுத்தார். அணுகுண்டு அரசியலைப் பேசிய 'வார் அண்ட் பீஸ்' படத்தில் தணிக்கைச் சபை பல வெட்டுகளைக் கேட்டபோது, ஒரு காட்சியையும் விட்டுக்கொடுக்காமல் வழக்காடி வென்றார். தலித் மக்கள் மீதான பொலிஸ் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தொடங்கும் 'ஜெய் பீம் காம்ரேட்' படத்துக்கு 14 ஆண்டுகள் செலவிட்டார். பெரிய தயாரிப்பாளர் பின்னால் இல்லாததால்தான் இது முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட படத்துக்காக 14 ஆண்டுகள் காத்திருக்க எந்த முதலாளி சம்மதிப்பார்?

'ராம் கே நாம்' தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம், அரச தொலைக்காட்சியிலேயே காட்டப்பட்ட படம். ஆயினும் 2019 ஓகஸ்டில் ஹைதராபாத் பல்கலைக்கழக மாணவர்கள் அதைத் திரையிட்டபோது பொலிஸார் உள்ளே வந்து நிறுத்தினர். சில மாணவர்கள் கைதாகினர்.